கழுகு மார்க்

முதல் லோரி வாங்கியபோது
கம்பெனிக்காரன் ஒரு தொப்பி கொடுத்தான்.
முன்பக்கம் சிவப்புக் கழுகு.
பதினோரு வருஷம் அந்தத் தொப்பியோடுதான்
பாகாவ் என்னைப் பார்த்தது.

அந்த முதல் லோரியைக் குறை சொல்ல மாட்டேன்.
எட்டு டன் செம்பனைக் குலையோடு
மழையில், செம்மண் சகதியில்,
பதினாலாம் நம்பர் மேட்டை
முக்கி முனகியாவது ஏறிவிடும்.
ஆ லோக் வொர்க்‌ஷாப் எந்தச் சந்தில் இருக்கிறதென்றே
அப்போது எனக்குத் தெரியாது.
கோப்பிக் கடையில் எவனாவது
வேறு மார்க்கைப் புகழ்ந்தால்
பசியாறலைப் பாதியில் வைத்துவிட்டு
சண்டைக்கு எழுந்திருப்பேன்.
என் வாயைக் கேட்டுத்தான்
மச்சான் தேவேந்திரனும்
சேமநிதிப் பணத்தை எடுத்து
அதே கழுகை வாங்கினான்.

இரண்டாவது லோரிக்கு மூன்றாம் மாதமே கியர்பாக்ஸ்.
ரோடு சரியில்லை என்றேன்.
ஆறாம் மாதம் இஞ்செக்டர்.
டீசலில் தண்ணீர் என்றேன்.
தீபாவளிக்கு முந்தின நாள்
மில் கேட்டுக்கு அரைக் கட்டை இருக்கும்போது
ஆக்சில் முறிந்து படுத்தது.
டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றேன்.

ஓட்டியது நான்.

மூன்றாவதையும் அதே கடையில்தான் எடுத்தேன்.
பாக்கியவதி கணக்குப் புத்தகத்தைத் திறந்து
ஒன்றும் பேசாமல் என் பக்கம் திருப்பி வைத்தாள்.
நான் மூடி வைத்தேன்.

லோரியின் நியாயம் குலைக்குத் தெரியாது.
அறுத்த மறுநாளே கெடத் தொடங்கிவிடும்.
இரண்டு நாள் பாலத்தோரம் நின்ற லோடை
மில்லில் கிரேடர் குச்சியால் குத்திக் குத்திப் பார்த்து
பாதியைத் தள்ளினான்.
தள்ளியதையெல்லாம் நானும் சுகிர்மானும்
மறுபடி லோரியில் வாரிப் போட்டோம்.
ஈ மொய்த்தது. முள் கிழித்தது.
உதிர்ந்த பழங்கள் செருப்புக்கடியில் நசுங்கி
கால் எல்லாம் எண்ணெய்.

அன்றைக்குத்தான் கம்பெனிக்குப் போன் செய்தேன்.
திட்டுவதற்கு என்றுதான் எடுத்தேன்.
வாயில் வந்ததோ வேறு:
பதினோரு வருஷமாக உங்கள் தொப்பியைத்தானம்மா போடுகிறேன்.
'உங்கள் லோரி நம்பர் சொல்லுங்கள் சார்'
என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

கோபம்கூட வரவில்லை.
தொப்பியைக் கழற்றி
எண்ணெய்க் கம்பி துடைக்க வைத்துக்கொண்டேன்.

இப்போது ஓட்டுவது வேறு மார்க்.
பேர் கேட்டால் சொல்வேன், புகழ மாட்டேன்.
சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது.
அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை.
டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்ததுகூட
பாக்கியவதிதான்.

நேற்று சாயங்காலம்
செர்த்திங் ரோடு ஐந்தாம் கட்டையிலிருந்து
தேவேந்திரன் கூப்பிட்டான்.
புகையா ஆவியா என்றேன்.
ஆவி என்றான்.
எந்த ஹோஸ், எந்த கிளிப்,
எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று
இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.
ஸ்பேனர் இல்லை என்றான்.

சங்கிலி போட்டு இழுத்து வந்தேன்.
பக்கக் கண்ணாடியில் அந்தக் கழுகு
வழி நெடுக
என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

ஆ லோக் கடை வாசலில் இறங்கி நின்றேன்.
ஏன் மச்சான் இதை வாங்கச் சொன்னீங்க
என்று கேட்பான்,
கேட்கட்டும் என்றுதான் நின்றேன்.

கோப்பி குடிப்போமா என்றான்,
தொப்பியைச் சரிசெய்துகொண்டே.