அணைக்க வேண்டாம்

ஒப்பந்தம் முடிந்துவிட்டது.
திங்கட்கிழமைக்குள் மடிக்கணினியைத்
துடைத்துத் தரச் சொல்லி மிரேய் எழுதியிருந்தாள்.
திரையில் ஒட்டிய மஞ்சள்கறையை அல்ல.

'என் கோப்புகளை வைத்திரு'
'எல்லாவற்றையும் அகற்று'
இரண்டாவதை அழுத்தினேன்.
உறுதிதானா என்றது.
உறுதிதான்.
மறுபடி கேட்டது, விருந்தாளியிடம்
இன்னும் கொஞ்சம் சாதம் என்பதுபோல.

கோட்-தெ-நெய்ஜ், மூன்றாம் மாடி, இரவு பத்தே முக்கால்.
கீழே பனி அள்ளும் வண்டிக்கு முன்னால்
சைரன் ஊதிக்கொண்டு போகிறது இழுவை லாரி:
காரை எடு, காரை எடு.
என்னிடம் கார் இல்லை.
ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்து பார்க்கிறேன்.

நான்கு சதவீதம்.

ஆறு வருடம் இதில் தட்டியதெல்லாம்
'நான்' என்றுதான் தொடங்கும்.
மொழிபெயர்ப்பவளுக்கு அது விதி:
அவர் சொன்னார் என்று சொல்லக் கூடாது.
நான் கடலுக்குப் போனேன்.
நான் மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.
என் ஆட்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்,
சினை ஆடு.
படிவத்தில் ஆட்டுக்குக் கட்டம் கிடையாது;
ஓரத்தில் எழுதிவைத்தேன்.
காரைக்காலில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிரெஞ்சு
ஒரு சினையாட்டுக்காவது உதவியது.

பதினெட்டு.

சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.
சுவரில் விக்டோரியா தெருக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி.
தாள் கிழித்து நான்கு நாளாகிறது.
கிழித்தேன், கிழித்தேன்.
பிப்ரவரி ஒன்பது என்று பெரிதாக;
கீழே சின்னதாக, தை இருபத்தேழு.

கை அப்படியே நின்றது.

கோயிலில் தவில் வாசித்தவர். பெயர் சொல்லக் கூடாது.
அடித்துப் போட்ட நாள் எது என்று கேட்டார்கள்.
சித்திரை இருபத்தெட்டு என்றார்.
ஏப்ரல் இருபத்தெட்டு என்றேன்.
இலங்கைக்காரர் சித்திரை என்றால் ஏப்ரல்தான் என்று
முதல் வாரமே சொல்லித்தந்திருந்தார்கள்;
சரிதான், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு.
திருவிழாவை எண்ணிப் பிழைத்தவர்
பஞ்சாங்கத்துச் சித்திரையைச் சொல்லியிருப்பார் என்று
எனக்குத் தோன்றவில்லை.
ஆஸ்பத்திரித் துண்டில் மே பதினொன்று.
பதின்மூன்று நாள் வித்தியாசம் ஏன் என்றார்கள்.
வித்தியாசமில்லை என்றார்.
வித்தியாசமில்லை என்றேன், அவர் குரலின் உயரத்திலேயே.
யாரும் நம்பவில்லை.
நானும்தான்.

ஈரக் கையோடு ஓடிவந்தேன். அறுபத்தொன்று.
அவர் சொன்னதை அப்படியே தமிழில் குறித்த ஒரு வரி,
அது அந்த அறுபத்தொன்றில் போய்விட்டதா,
மீதியில் இருக்கிறதா?
'கணினியை அணைக்க வேண்டாம்' என்றது நீலத் திரை.
மின்கம்பியைப் பிடித்தேன்.
பிடித்துக்கொண்டே நின்றேன்.
பிடுங்கினால் மிச்சமும் கெடும் என்றது ஒரு புத்தி;
பிடுங்காமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று
மூச்சு விட்டது இன்னொன்று.

தொண்ணூற்றொன்பதில் வெகுநேரம் நின்றது.

பிறகு கறுப்பு.
பிறகு, யாரையும் தெரியாத முகத்தோடு,
போன்ஜூர்.
எந்த நாடு என்றது. எந்த மொழி என்றது.
'பிறகு பார்க்கலாம்' என்றொரு பொத்தானும் வைத்திருந்தது.
அந்த அறையில் அவருக்கு அப்படி ஒன்று இல்லை.
மூலையில் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஜூன் மாதத்தைக் காட்டியது;
வைஃபை கிடைத்ததும்
யாரையும் கேட்காமல்
தேதியைத் திருத்திக்கொண்டது.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்:
சித்திரை 28, மே 11.
வக்கீல் அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும்.
கோப்பு எங்கே, குறிப்பு எங்கே என்பார்கள்.
அவர் இப்போது எந்த ஊரில் என்றும் தெரியாது.
'நான்' என்று தொடங்க வேண்டும்.
இந்த முறை அது நானேதான்.

சைரன் திரும்பி வருகிறது.
கோட்டுகூட இல்லாமல் யாரோ ஓடிவந்து
வெள்ளைக் குவியல்களுக்குள்
தன் கார் எது என்று
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்.