பேஸ்மட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை.
கடலூர், குண்டு சாலைக்கு உள்ளே மூன்றாவது சந்து.
கிழக்குச் சுவரின் காலடியில்
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போகிறேன்.
டங் என்றால் பிடித்திருக்கிறது.
டொப் என்றால்
பூச்சு தனி, செங்கல் தனி,
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல்
குடித்தனம் நடக்கிறது.

டொப். டொப்.
குளியலறைக் குழாய் வரைக்கும் டொப்.

துளசிங்கம் மேஸ்திரியிடம் கேட்டிருந்தேன்.
"இத்துனூண்டு வேலைக்கு எவன் வருவான்?
ஒம்பதாயிரம் எடுத்து வை, பார்க்கலாம்."
அவருக்குத்தான் பதினாலு வருஷமாகச்
சட்டி தூக்குகிறேன்.
அவருடைய பார்க்கலாமுக்கு
என்ன அர்த்தம் என்று தெரியும்.

உளியை வைத்ததும்
அப்பளம் போலக் கழன்று வந்தது.
பின்னால் வெள்ளையாய்ப் பொரிந்த உவர்.
நாக்கில் வைத்தேன், உப்பு.
மண்ணுக்குள் நகக்கண் அளவில் ஒரு கிளிஞ்சல்.

ஓ.

வீடு கட்டியபோது
ஆற்று மணல் நமக்குக் கட்டுப்படியாகவில்லை.
ராத்திரி டயர் வண்டியில் வந்த மணலை
எங்கிருந்து என்று கேட்காமல்
சலித்துக் கொடுத்தவள் நான்தான்.
கடலை அள்ளி வந்து சுவரில் அப்பிவிட்டு
இத்தனை வருஷம்
தேவனாம்பட்டினத்துக் காற்றைத் திட்டினேன்,
முட்டி வரை ஏறிய பெண்ணையாற்றைத் திட்டினேன்,
கேட்க ஆளில்லாத நேரத்தில்
சிங்காரத்தையும்.

மூட்டுகளைச் சுரண்டி,
கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து,
செங்கல் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் விட்டேன்.
ஒன்றுக்கு நாலு, எம்-சாண்ட்.
கலவைக்கு அளவு பார்க்கவில்லை,
என் உச்சந்தலைக்குத் தெரியும்:
தண்ணீர் கூடிப்போனால்
சட்டி சும்மாட்டில் தளும்பும்,
குறைந்தால் கழுத்து சொல்லும்.

கரண்டி வேறு விஷயம்.
கழுவியிருக்கிறேன், எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
எல்லோரும் சாப்பிடப் போன ஒரு மத்தியானம்
கையில் பிடித்து
உடனே வைத்தும் விட்டிருக்கிறேன்.
முதல் வீச்சு மொத்தமும் என் காலில் விழுந்தது.
இரண்டாவது பாதி.
அறைகிற வேகத்தில் போய்க்
கடைசி நொடியில் மனசு மாற வேண்டும் மணிக்கட்டு.
அது பிடிபட
அரைச் சட்டி கலவை வீணானது.
ஏழாவதோ எட்டாவதோ
ஒட்டிக்கொண்டு நின்றது.

ஷேர் ஆட்டோவை எடுக்கப் போன சிங்காரம்
சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு
சட்டியைப் பிடித்துக்கொண்டார்.
இரண்டு கையாலும், உடம்பை விட்டுத் தள்ளி,
சாமி பிரசாதம் போல.
"இடுப்போட அணைச்சுப் பிடிங்க,
தோள்பட்டை போயிடும்" என்றேன்.
பிடித்தார்.
மணல் எங்கிருந்து வந்தது என்று
அவரும் கேட்கவில்லை அன்றைக்கு.
கிளிஞ்சலைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
கலவை இறுகுது, போடு என்றார்.

மணியாசுக் கட்டைக்குப்
பையனின் பழைய பரீட்சை அட்டை.
தேய்த்து முடிக்கப் பன்னிரண்டு மணி.
மட்டம் என்று சொல்ல முடியாது.
நடுவில் சின்னதாகத் தொந்தி,
குழாய் பக்கம் ஒரு பள்ளம்.
காலை வெயில் சாய்வாக விழும்போது
ஊருக்கே தெரியும்.
ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன்.
ஏழு நாள், மூன்று வேளை தண்ணீர்,
மருந்துச் சீட்டு மாதிரி
கதவில் எழுதி ஒட்டினேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது
விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்றிருந்தது.
"கை என்ன?" என்றார் மேஸ்திரி.
"வீட்ல கொஞ்சம் வேலை."
அவர் கரண்டியைக் கேட்டார், கொடுத்தேன்.

இரண்டாவது மாடிக்குச் சட்டியோடு ஏறும்போது
போன மாதம் அவர் பூசிய மாடிப்படிச் சுவரை
விரல் முட்டியால்
சும்மா ஒரு தட்டு.

டொப்.

தலையில் கலவை இருந்தது,
நிற்க முடியாது.
இறங்கும்போது இன்னொரு தரம் தட்டினேன்,
இந்த முறை நின்று.