கால்மாட்டில் ஒரு பூனை

பெரிய எழுத்துப் பதிப்புதான் கிடைத்தது.
ஹெக்ஸம் நூலகத்தில் எனக்கு முன்னே ஏழு பேர் காத்திருந்தார்கள்.
அட்டையில் பச்சை மேலங்கி போட்ட ஒருத்தி
முதுகு காட்டி நிற்கிறாள், கழுத்து வரைதான்.
இப்போதெல்லாம் பெரிய மனிதர்களின் மனைவிகளுக்கு
அட்டையில் தலை வைப்பதில்லை.

ஆம்புரோஸ் தாக்வெல்.
துன்பத்தைப் பற்றி அவர் எழுதியதைத்
தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவர்கள் உண்டு.
அதைத் தட்டச்சு செய்தவள் நான்.
பதினோரு ஆண்டு, வாரத்தில் நான்கு நாள்.
கையெழுத்துப் பிரதியில் 'கிருபை' வரும் இடமெல்லாம்
ஓர் எழுத்தை விழுங்கியிருப்பார்.
நான் மீட்டுக் கொடுப்பேன்.

நாவல் எழுதியவளை எனக்குத் தெரியாது.
நன்றாகவே எழுதுகிறாள், அதுதான் தொல்லை.
மணநாளில், பதிவு அலுவலகப் படிக்கட்டில், மழையில்,
லீஸ்பெத்தின் கையைப் பற்றி
அவர் இறங்கி வருகிறாராம்.
மழை உண்மை.
அவர் பற்றியிருந்தது குடையை.
இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் அவர் தலைக்கு மேல்.
தொப்பியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட
"இனி இதைக் கடையில் திருப்பித் தர முடியாது" என்று
அவளுடைய டச்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் சொல்லி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் லீஸ்பெத்.
தொப்பியைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா,
இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.
அந்தச் சிரிப்பு புத்தகத்தில் இல்லை.

பதிவேட்டில் இரண்டாம் சாட்சி நான்.
புத்தகத்தில் அது வழியில் போன பால்காரன்.
சரி, வேறெங்காவது இருப்பேன் என்று
இருநூறு பக்கம் என்னைத் தேடினேன்.
ஜன்னலோரம், என் ரெமிங்டன் இருந்த மேசையில்
ஒரு பூனை படுத்திருக்கிறது.
சாம்பல் நிறம். பெயர் ஆபகூக்.

அந்த வீட்டில் பூனையே கிடையாது.
பூனை முடி பட்டால் அவருக்கு இமை வீங்கும்.

பேனாவை எடுத்தேன்.
நூலகப் புத்தகமாயிற்றே என்று பென்சிலுக்கு மாறினேன்.
ஒன்பது இடத்தில், ஓரமாக, மெல்லிசாக: 'பொய்'.

பிறகு அந்த நவம்பர் வந்தது.
மாடியறை. நோய் முற்றிவிட்டது.
நாவலில் அவர் கட்டிலருகே மண்டியிட்டிருக்கிறார்,
"நான் எழுதிய எதுவும் எனக்கே உதவவில்லை" என்கிறார்.
அழகான வரி. அவர் சொல்லவில்லை.
அந்த நேரத்தில் அவர் கீழே
ஏழாம் அத்தியாயத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.
மேலே கைமணி ஒலித்தது.
"முற்றுப்புள்ளி வரை போய்விடுவோம், மிஸ் ஓல்ட்ராய்ட்."
போனோம்.
நீளமான வாக்கியம் அது. இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அப்புறம் படியேறியது நான்.
அவளுடைய பாதங்கள் ஆற்றுக்கல்லைப்போல் இருந்தன.
கம்பளிக்குள் கைவிட்டுத் தேய்த்தேன்,
தேய்த்துக்கொண்டே இருந்தேன்.
அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள்.
எனக்குப் புரியாது என்று தெரிந்துதான் சொன்னாள்.
யாரிடமும் நான் இதைப் பேசியதில்லை.

பென்சிலைக் கூராக்கிக்கொண்டு
பக்கத்தைத் திருப்பினால்,
மண்டியிட்ட அந்த மனிதருக்குப் பின்னால், கால்மாட்டில்,
யாரும் பொருட்படுத்தாமல்,
ஆபகூக்.
விடியும்வரை அவள் பாதங்களின் மேல்
சூடாக, கனமாக.

யார் சொன்னார்கள் இவளுக்கு?

தேநீர் ஆறி ஆடை கட்டியது.
அழிப்பானைத் தேடிப் பூனை வரும் பக்கங்களை மட்டும்
சுத்தம் செய்தேன்.
குடை இருக்கும் பக்கத்தில் கைவைக்கவில்லை,
அது பொய்தான்.

நாளை தவணை.
இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.
லீஸ்பெத் போன பிறகு
அந்த வீட்டில் பூனைக்கு யார் சோறு வைத்தார்கள் என்று
எனக்குத் தெரிய வேண்டும்.