இரண்டு விசில்

ஒக்கியில் சாய்ந்தது சாம்பைமரம்.
விழவில்லை. சாய்ந்தபடியே காய்த்தது,
கரண்டுக் கம்பியைப் பார்த்து.

போன வாரம் மழைக்குள்
ஒரு கொப்பு கம்பியில் உரசி
நீலமாய் ஒரு பொறி.
மரம் வெட்டுகிற ததேயு மூவாயிரம் கேட்டார்.
வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.
எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

முளகுமூடு, முளகுமூடு என்று
இருபத்தொன்பது வருஷம்
பஸ் படிக்கட்டில் தொங்கிக் கூவியவன் நான்.
ஒரு மரத்து மூட்டில் குந்தி உட்கார்ந்தது
இன்றைக்குத்தான்.

கைநீளக் கம்பை நிமிர்த்திப் பிடித்து
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
உச்சியும் மூடும் கம்புக்குள் அடங்கும்வரை
பின்னுக்கு நடந்தேன்.
நின்ற இடத்தில் ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டேன்.
விழும்போது உச்சி இதுவரை வரும்.
செருப்புக்கு இரண்டடி தள்ளி
றோஸ்லெட்டின் மட்டிவாழை
குலை தள்ளி நின்றது.

"அதுல ஒரு காய் உதிர்ந்தா
ராத்திரி சோறு கிடையாது" என்றாள்.

தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட்.
"கோழிக்கு டிக்கெட் போடப் போறியளா?"
சிரிக்கட்டும்.
நான் தப்பி நடக்க வேண்டிய வழியில்
துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்த தேங்காய்த் தொண்டு,
நாயின் சட்டி, சுருண்ட ஓஸ்
எல்லாவற்றையும் எடுத்து மாற்றினேன்.
நேர் பின்னால் இல்லை அந்த வழி,
பின்னால், சரிவாக.

கம்பியைத் தொட்ட கொப்பின் பக்கமே போகவில்லை.
லைன்மேன் சுபின் வந்தான்,
போஸ்டில் ஏறினான், வயரைக் கழற்றிச் சுருட்டினான்.
"அரை மணி நேரம், அண்ணாச்சி.
எனக்கு அழகியமண்டபத்துல வேற கம்ப்ளெயின்ட் இருக்கு."

கயிற்றை மரத்தின் பாதிக்கு மேலே கட்டி
மறுமுனையைத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி
அவள் கையில் கொடுத்தேன்.
கையில் சுற்றாதே. இடுப்பில் கட்டாதே.
ஒரு விசில் என்றால் நிறுத்து,
இரண்டு விசில் என்றால் இழு.
"உங்ககூடக் குடும்பம் நடத்துனதே
அந்தக் கணக்குலதான."

விழ வேண்டிய பக்கம் முதலில் ஒரு வாய்,
தடியில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்.
பிறகு எதிர்ப்பக்கம், இரண்டு விரல் மேலே.
மிசிறு சட்டைக்குள் இறங்கியது.
செங்கல் நிறத்தில் தூள்
முழங்காலில் குவிந்தது.
முழுக்க அறுத்துவிடக் கூடாது,
நடுவே பெருவிரல் கனத்துக்கு
ஒரு கீல் மிஞ்ச வேண்டும்.
கீல் உள்ள கதவுதான்
சொன்ன பக்கம் சாயும்.

இரண்டு விசில் கொடுத்தேன்.
இழுத்தாள்.
மரம் அசையவில்லை.
சாய்ந்து பழகிய பக்கமே பின்னுக்கு உட்கார்ந்து
வாளைக் கடித்துக்கொண்டது.
பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது.
சுபின் வாட்சைப் பார்த்தான்.

"ரைட் குடுத்தா மட்டும் போதுமா?
பிரேக்கை எடுக்காண்டாமா?
ஆப்பு எங்க, ஆப்பு!"

ஆப்பு சட்டைப்பையில்தான் இருந்தது,
நேற்று ராத்திரி அவளே சீவித் தந்தது.
வெட்டோத்தியின் மறுபுறத்தால் தட்டினேன்.
ஒரு தட்டு. இன்னொன்று.
வாள் மூச்சு விட்டது.
உள்ளே எங்கோ ஒரு நார் முறியும் சத்தம்,
பழைய பஸ்ஸில் கியர் விழுகிற மாதிரி.
வாளை அப்படியே விட்டுவிட்டு
சரிவான வழியில் நடந்தேன். ஓடவில்லை.
இரண்டு விசில்.

பைய வந்தது.
கடைசி முழத்தில்தான் அவசரப்பட்டது.
உச்சிக் கொப்பு செருப்பின் மேல்.
வாழை இலை ஒன்று கிழிந்தது,
குலைக்கு ஒன்றுமில்லை.

யாரும் பேசவில்லை.
மரம் கிடந்த பிறகும்
இலைகள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தன.
பழுக்காத சாம்பைக்காய்கள்
கிணற்றடிவரை உருண்டு போயின.
துண்டு போட, சுமந்து தள்ள, மூட்டைத் தோண்ட
நாளை ஒரு நாள் இருக்கிறது.
சுபின் போஸ்டில் ஏறினான்.

கரண்டு வந்தது.
சமையலறையில் யாருமில்லாமல் மிக்ஸி அலறியது.
காலையில் கரண்டு போனபோது
அணைக்க மறந்த தேங்காய்த் துவையல்.
கயிற்றைப் போட்டுவிட்டு அவள் ஓடினாள்.

கையில் இருந்த பழக்கம்,
ஒரு விசில் அடித்தேன்.

நிற்கவில்லை.