அரை விரல் மேலே

ஜாகீர் அம்மாபாளையத்தில் என் பட்டறை.
லேத் ஒன்று, வெல்டிங் செட் ஒன்று,
கடன் மூன்று.

நாற்று நடுகிற மெஷின் என்றதும்
பழைய இரும்புக்கடை சுபான் பாய் சிரித்தார்:
"கை செய்யுற வேலைக்கு எதுக்கும்மா மோட்டார்?"
சிரித்து முடித்து
ஓம்னி வண்டியின் வைப்பர் மோட்டாரை
எடை போடாமலே கொடுத்தார்.

பால் கேனை வெட்டி மண் கொட்டும் வாய்.
சைக்கிள் செயினில் கட்டிய கிண்ணங்கள்.
ஒட்டிக்கிடக்கும் கறுப்புப் பைகளைப் பிரிக்க
காற்றடிக்கும் குழாய்; அது அடைத்த நாட்களில்
நானே ஊதினேன்.

முதல் மெஷின் பையைக் கிழித்தது.
இரண்டாவது, ஈர மண்ணை என் மடியில் கொட்டியது.
நான்காவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆறாவதை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு
ஏற்காட்டுக்குப் போனேன்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
ஏதோ ஒரு நட்டு தளர்ந்தது.
பதினாலாவதில் கழன்று விழுந்ததை
ஒரு குரங்கு எடுத்து, கடித்துப் பார்த்து,
திருப்பித் தரவில்லை.

நாகலூர்ப் பக்கம் காப்பி நாற்றங்கால்.
விதையையே தலையில் மாட்டிக்கொண்டு
மணல் பாத்தியில் நின்றன முளைகள்,
ஐந்து ரோடு சிக்னலில்
ஹெல்மெட்டோடு காத்திருக்கும் கூட்டமாய்.

ஒரு மணி நேரத்தில் எழுநூறு பை.
மேலாளர் எஸ்தர் ராஜம் கால்குலேட்டரைத் தட்டினார்.
பைக் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள்
பதினோரு பேர்
ஓரமாய் நின்று பார்த்தார்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
திடீரென்று மழை.
தார்ப்பாயை இழுத்து மெஷினை மூடியதும்
அவர்கள்தான்.

நாற்பது நாள் கழித்து போன்.
"சும்மா ஒண்ணைக் கிழிச்சுப் பார்த்தோம். வாங்க."

பையை அகற்றி மண்ணை உதிர்த்தாள் சடைச்சி.
என்னைவிட இரண்டு வயது சின்னவள்.
கீழே போன ஆணிவேர்
பாதியில் திரும்பி
மேலே பார்த்துக்கொண்டிருந்தது.
நான் ஏறிவந்த ரோடு
அப்படியே அதில் இருந்தது.

"இலை பச்சையாத்தான் இருக்கும்.
மூணாம் வருசம் காய்க்கிறப்ப தெரியும்.
அப்ப நீங்க கீழ சேலத்துல இருப்பீங்க."
பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் நடுவதை போனில் படம் பிடித்தேன்.
இரவு, வேகத்தைக் குறைத்து ஓட்டினேன்.
குச்சியால் குழி.
வேர் நுனியில் நகக் கிள்ளல்.
செடி உள்ளே.
எல்லாம் என் மெஷினும் செய்கிறதுதான்.
பதினேழாம் முறை ஓட்டுகையில் கண்ணில் பட்டது:
வேண்டியதற்கும் ஆழமாய் இறக்கி
அரை விரல் மேலே தூக்கிவிட்டுத்தான்
மண்ணை அழுத்துகிறாள்.

காலையில் காட்டினேன்.
"நானா? தூக்குறேனா?"
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பக்கத்தில் நடுகிறவளின் கையைப் பார்த்தாள்.
"அட, இவளும்!"

கேம் தட்டில் சின்னதாய் ஒரு மேடு.
வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி,
மறுபடி வைத்து, மறுபடி ராவி.
தள்ள மட்டுமே தெரிந்த இரும்பு
கொஞ்சம் பின்வாங்கப் பழகியது.

காப்புரிமை மனுவில் உன் பெயரும் போடட்டுமா என்றேன்.
"பேரைப் போடுங்க. பைக்கு எவ்வளவு?"
எஸ்தர் ராஜத்திடம் ஒரு தொகை சொன்னேன்.
இன்னொன்று சொன்னேன்.
"யோசிக்கலாம்" என்றார்.
நாலு பேர் மெஷினுக்கு, நாள் கூலிக்கு.
மற்றவர்கள் மிளகுக் கொடிக்கு.
சடைச்சி கொடிக்குத்தான் போனாள்.
சத்தம் ஆகாதாம்.

போகுமுன் ஒரு காரியம் செய்தாள்.
மெஷின் நட்டது இருநூறு, கை நட்டது இருநூறு,
கலந்து அடுக்கி
அடையாளக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டாள்.
"எது எதுன்னு எனக்குத் தெரியும்.
காய்க்கட்டும், சொல்றேன்."

நேற்று சுபான் பாய்
அந்த வைப்பர் மோட்டாருக்குக் காசு கேட்டார்.
மூன்றாம் வருசம் தருகிறேன் என்றேன்.