பொறுமை இரண்டு கிலோ

எங்கட கல்லூரியில் மாணவர் நாற்பத்தொரு பேர்,
விரிவுரையாளர் ஐந்து, பூனை மூன்று,
போட்டோ கொப்பி இயந்திரம் ஒன்று.
அது வெள்ளியில் சாகும்,
ஞாயிறு கழிய எழும்பும்.
ஒருத்தரும் ஆச்சரியப்படுவதில்லை,
இறையியல் படிக்கிற இடம்தானே.

நான் இங்கே கிளாக்கர்.
மணியடிக்கிறதும் நான்தான்.
மணிக் கயிறு அறுந்து ஆறு மாதம்,
இப்போது கம்பியால் தட்டுகிறேன்.
அந்தச் சத்தத்துக்கு மாணவர் வருமுன்
பக்கத்து வளவு ஆடு வந்து நிற்கும்.

அன்றைக்குக் கல்லடியில் நல்ல கச்சான் காற்று.
வாவிப் பக்க யன்னலுக்குக் கொளுக்கி இல்லை.
மேசையில் இரண்டு தாள்:
அதிபர் ஞானரெத்தினம் ஐயாவின் பிரசங்கக் குறிப்பு,
சமையலறை மார்சலின் அக்காவின் சாமான் பட்டியல்.
இரண்டும் நான் அடித்தவை,
ஒரே எழுத்து, ஒரே இலக்கமிடல்.
காற்று ஒருக்கால் உள்ளே வந்து போனது.
பொறுக்கி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன்.
நான் செய்தது அவ்வளவுதான்,
கர்த்தர் சாட்சி.

சிற்றாலயத்தில் ஐயா கண்ணாடியை ஏற்றினார்.
"பிரியமானவர்களே" என்றார்.
தாளைப் பார்த்தார்.
"மைசூர்ப் பருப்பு" என்றார்.

பின் வாங்கில் தூங்குகிற வாகரை அருள்நேசன்
இந்தத் தவணையில் முதல் தடவையாக நிமிர்ந்தான்.

ஐயா இடையில் இறங்குகிற மனுசன் இல்லை.
"பருப்பு சிறியது. தோல் உரிக்கப்பட்டது.
நாமும் ஒரு நாள் உரிக்கப்படுவோம்."
"ஆமென்" என்றார் எப்சிபா மிஸ், பழக்கதோசத்தில்.
"கருவாடு, மூன்று கிலோ.
வெயிலில் கிடந்து அதற்கு ருசி கூடிற்று.
சோதனையில் கிடந்து நமக்கு என்ன கூடிற்று?"
சவர்க்காரம் வந்தபோது
முன்வாங்குப் பெட்டை கைக்குள் முகம் புதைத்தாள்,
தோள் இரண்டும் குலுங்கின.
அழுகிறாள் என்று நினைத்து
ஐயா குரலை இன்னும் தாழ்த்தினார்.
கடைசியில் மண்ணெண்ணெய்.
அதிலிருந்து விளக்கு,
விளக்கிலிருந்து வெளிச்சம்,
எப்படியோ கரை சேர்ந்துவிட்டார் மனுசன்.

அதே நேரம் காத்தான்குடியில்
யூட்டின் சைக்கிள் ஆதம்லெவ்வைக் காக்காவின் கடை வாசலில்.
காக்கா தாளைத் தூரப் பிடித்து வாசித்தார்:
"ஒண்டு, விசுவாசம். ரெண்டு, பொறுமை.
மூண்டு, மனந்திரும்புதல்."
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"தம்பி, பொறுமை ரெண்டு கிலோவா, ரெண்டு பக்கற்றா?"
யூட் தலையைச் சொறிந்தான்.
"அக்கா எழுதினதத் தாங்க காக்கா."
காக்கா கல்லாவுக்குப் பின்னால் போய்த்
தனியே சிரித்துவிட்டு வந்தார்.
போன கிழமைத் துண்டைத் தேடி எடுத்து
அதே பருப்பு, அதே கருவாடு
நிறுத்துக் கட்டி விட்டார்.

பகல் சோற்றில் ஐயா
பருப்பைக் கரண்டியில் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
மறுகா என்னைப் பார்த்தார்.
நான் அப்பளத்தைப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லாமல்
இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினார்.

பில்லின் அடியில் பச்சைப் பேனையால்
காக்கா எழுதியிருந்தார்:
"பொறுமை கைவசம் இல்லை. வந்தால் அனுப்புவேன்."
முறைப்படி கோவையில் போட்டேன்.

கார்த்திகையில் கொழும்பிலிருந்து கணக்காய்வாளர்.
வெளியே மழை, உள்ளே ஒழுக்கு,
ஒழுக்குக்குக் கீழே கல்லூரியின் ஒரே வாளி.
ஒவ்வொரு துண்டாகப் புரட்டி வந்தவர்
அந்தத் துண்டில் பேனையை வைத்தார்.
"இது இன்னும் வரவில்லையா?"
"இல்லை, சேர்."
"நினைவூட்டல் அனுப்பினீர்களா?"
"வாய்மொழியாக, சேர்."
முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல்
"நிலுவை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்.

அதில் மூன்று பிரதி கேட்டார், உடனே.
எழும்பி இயந்திரத்தடிக்குப் போனேன்.
அன்றைக்கு வெள்ளிக்கிழமை.