இரண்டாம் பதிப்புக்கான குறிப்புகள்

ஒரு நொடிப் பேச்சுக்கு எழுநூறு பிட்.
அதற்கு மேல் போனால்
ஆழ்கடலில் செயற்கைக்கோள் காசு கேட்கும்.
ஆகவே எறிந்தேன்.
காற்றை எறிந்தேன், அலையை எறிந்தேன்,
இரண்டு சொல்லுக்கு நடுவே
எச்சில் விழுங்குவதையும் எறிந்தேன்,
குளச்சலில் வலை உதறுகிறவர்கள்
சொறியை வழித்தெறிவதுபோல.

வடசேரியில், மூன்றாம் மாடி அறையில்
ஃபேனை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேட்டேன்.
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது
கிளீட்டஸின் குரல்.
பெருமையோடுதான் தூத்தூருக்குக் கொண்டு போனேன்.

டெல்பின் ஒருமுறை கேட்டாள்.
இன்னொரு முறை.
"இது ஆருக்க சத்தம்?"
உங்க வீட்டுக்காரர்தான், என்றேன்.
"அது தெரியுது. எஞ்சினுக்க சத்தம் எங்க?"

அது இரைச்சல், என்று விளக்கத் தொடங்கினேன்.
நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.
"எஞ்சின் ஓடுனா திரும்புறாருன்னு தெரியும்.
நின்னா தூண்டில் போட்டிருக்காருன்னு தெரியும்.
ஒருநாள் விக்கி விக்கி ஓடிச்சு,
அன்னைக்கே சங்கத்துல போய்ச் சொன்னேன்.
அவரு என்னத்தப் பேசுவாரு?
சாப்பிட்டியா, பிள்ளைய படிக்கச் சொல்லு, வைக்கேன்.
பதினாலு வருசமா இதுதான்.
வேணும்னா அத எடுத்துப் போடு."

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ் நகரவில்லை.
முன்பே தெரிந்ததை அனுப்பப் பிட் வேண்டாம்,
முதல் வருடப் பாடம்.
யாருக்குத் தெரிந்ததை
என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை,
நானும்தான்.

டிக்கெட்டின் பின்புறம் எழுதியவை:

கோப்பின் தலையில் முதல் கட்டம்: கேட்பவர் யார்.
கிளீட்டஸின் மூன்று வாக்கியத்துக்கு மூன்று எண்.
நாலாவதாக ஏதாவது சொன்னால் மட்டும்
முழுக் குரலும் வரட்டும், காசு போனால் போகட்டும்.
மிச்சமெல்லாம் எஞ்சினுக்கு.

ஏலம் கூறும் மெனாண்டருக்கு வேறு அமைப்பு.
மீன் பெயர், எடை, கரை சேரும் நேரம்.
தகரத்தில் உரசியதுபோல் ஒலித்தாலும் அவருக்குச் சரி.

மௌனம் இரண்டு வகை.
லைன் அறுந்தது, ஆள் பேசாமலிருப்பது.
பிரித்துச் சொல்ல ஒரு பிட் போதும்.
முதல் பதிப்பில் இரண்டையும்
ஒரே பூஜ்ஜியமாக எழுதியிருக்கிறேன்,
யாரும் கவனிக்கவில்லை, கரையில் இருந்தவர்களைத் தவிர.

எச்சில் விழுங்குவது: முடிவாகவில்லை.
டெல்பினிடம் கேட்கவேண்டும்.
வேண்டும் என்பாள்.
எத்தனை பிட் ஆகும் என்று
முதலில் பார்த்துவிடுகிறேன்.